வெள்ளைக்குள் ஒரு புள்ளி

நிஸ்தார் மௌத்தாகிவிட்டான். சுபஹுத் தொழுகைக்குப் பிறகு அவன் மகன் போன் பண்ணிச் சொன்னான். கொஞ்சக் காலமாகப் படுக்கையில்தான் கிடந்தான்... தெரியும். தெரிந்தும் என்ன.

இந்தக் குரூப்பில் இருப்பவர்களில் பாதிப்பேருக்கு அவனைத் தெரியாது. தொண்ணூறுகளில் கல்முனையில் வாய்க்கால், அணைக்கட்டு வேலை பார்த்த ஒரு ஒபீஸில் நான் புதிதாகச் சேர்ந்த டெக்னிக்கல் ஆள். அவன் அடுத்த மேசையில் டிராஃப்ட்ஸ்மன். ஒரே வயது.

வேலை பேருக்குத்தான். யுத்த காலம், அளக்க மேற்கே போக முடியாது. ரோட்டில் யார் நிற்பார்கள், திரும்பி வருவோமா... ஒன்றும் நிச்சயமில்லை. அளந்தால்தானே வரைய.

அந்தச் சும்மா நேரத்தில் நிஸ்தார் ஒரு நாட்டை வரைந்தான். இல்லாத நாடு. பூதமும் பேசும் மிருகமும் வருகிற பெரிய மாயக் கதை ஒன்று எழுதப் போகிறானாம், அதற்கு முதலில் மெப் வேண்டுமாம். கதை ஒரு பக்கமும் நகரவில்லை. மெப் மட்டும் வளர்ந்தது.

எனக்கு இதெல்லாம் பொறுக்காது. முதல் நாளே சண்டை.

“இதென்னடா, ஆறு ரெண்டு பக்கமும் ஓடுது? தண்ணி பள்ளத்துக்குத்தான் போகும். இதக் கீற உனக்கு ஒரு வேலையா?”

“நம்மட தோணாவ நீ பாத்தல்லயா? மாரிக்குக் கடலுக்குப் போகுது. முகத்துவாரத்த வெட்டின மறுகா கடல் உள்ளுக்கு வருது. அதத்தான் பெருசாக்கிரிக்கன்.”

சாய்ந்தமருதில் ஊருக்குள் ஓடும் அந்தச் சின்ன நீரோடை, தோணாதான் அவன் நாட்டின் மகாநதி. வருடாவருடம் கடல் வந்து அதன் வாயை மணலால் தைத்துவிடும். ஊர் மூழ்காமல் இருக்க ஒருவன் போய் அந்தத் தையலை அறுக்க வேண்டும்.

கூரையோடு கூரை முட்டும் எங்கள் ஒடுங்கிய ஒழுங்கைகள் அவன் மெப்பில், தரையில் வெயில் விழாத தலைநகரம். சவளக்கடைப் பக்கத்து வயல்கள், வரம்பை விட்டுக் கால் தவறினால் ஆளை விழுங்கும் பச்சைக் கடல்.

மேற்கே மட்டும் வெள்ளை. வெறும் ட்ரேசிங் பேப்பர்.

“கற்பனைதானே... ரெண்டு மலையப் போட்டு முடியன்டா.”

“ஆரும் போய்ப் பாத்து வந்து சொல்லாத இடத்தக் கீறேலா.”

அது எங்கள் தொழில் வழக்கம். அளக்காத இடத்தை வெறுமையாக விடுவோம். அதைப் போய் இல்லாத நாட்டுக்கும் வைத்தான், மடையன்.

பிறகு அந்த வெள்ளை நகரத் தொடங்கியது. அதுதான் எனக்குப் பிடிக்கவில்லை.

ட்ரேசிங் பேப்பரில் மை பட்டால் ரப்பருக்குப் போகாது. சவர பிளேட்டால் மெதுவாகச் சுரண்டி எடுக்க வேண்டும். மேற்கே இன்னொரு பாதையும் மூடிவிட்டது என்று யாராவது சொன்னால் நிஸ்தார் பிளேட்டை எடுப்பான். அவன் நாட்டிலும் அந்தப் பாதை அழிந்து போகும். பிறகு அதன் ஓரத்து ஊர். பிறகு ஊரைச் சுற்றிய வயல்.

சிரக்... சிரக்... ஒபீஸ் முழுக்க அந்தச் சத்தம்.

“தம்பி, என்ட ஊட்டுப் பக்கம் பிளேட்டக் கொண்டு வந்திராத. பொஞ்சாதி புள்ள இரிக்கி” என்று பியோன் காக்கா சிரிப்பார். கொஞ்ச நாளில் அவரும் சிரிப்பதை விட்டார். காலையில் வந்ததும் மெப்பை எட்டிப் பார்த்துவிட்டுத்தான் தேத்தண்ணிக்கு அடுப்பு மூட்டுவார்.

வெள்ளையின் ஓரத்தில் ஒரு சின்னப் புள்ளி இருந்தது. அவன் வாப்பாவின் வயலில் இருந்த காவல் குடிசை, வாடி. கதையில் அது உலகத்தின் கடைசி வீடு.

கதிர் முற்றியிருந்த நேரம். வாப்பா சைக்கிளை எடுத்தார். பிறகு நிஸ்தார்தான் சொன்னான்:

“வேணா வாப்பா எண்டு ஹேண்டிலப் புடிச்சன்டா. என்ட வயல நான் பாக்காம ஆனையா வந்து பாக்கும் எண்டுட்டுப் போனாரு.”

வரவில்லை. சைக்கிளும் வரவில்லை. தேடிப் போகவும் ஒருவரையும் விடவில்லை.

மீண்டும் வேலைக்கு வந்த அன்று அவன் நேரே மேசைக்குப் போனான். பிளேட்டை எடுத்தான். வாடியைச் சுற்றி இருந்த வரம்பு, வாய்க்கால், மரம் எல்லாம் போனது. புள்ளியை மட்டும் தொடவில்லை.

என் வாய் சும்மா இருக்காது. “உன்ட கணக்குப்படி அதுவும் தெரியாத இடந்தானே?”

“அங்க ஒரு ஆள் போயிரிக்கார்டா. வந்து சொல்லட்டும்.”

அதற்குப் பிறகு அந்த மேசைப் பக்கம் போனால் நான் மெப்பைப் பார்ப்பதில்லை.

பல வருடம் கழித்துப் பாதை திறந்தது. எல்லோரும் தங்கள் வயலைத் தேடிப் போனார்கள். நான் மோட்டார் சைக்கிளோடு அவன் வாசலில் போய் நின்றேன்.

“ஏறு மச்சான். போய்ப் பாத்துட்டு வந்து மிச்சத்தக் கீறு.”

“போய்ப் பாத்து... அங்க ஒண்டும் இல்லாட்டி?”

கதவைச் சாத்திக்கொண்டான். கடைசிவரை அந்தப் பக்கம் போகவில்லை.

இன்று காலை மகன் ஒரு போட்டோவும் அனுப்பினான். “சாச்சா, வாப்பாட கட்டில்ல விரிச்சுக் கிடந்த. இது எந்த ஊரு?”

பெரிதாக்கிப் பார்த்தேன்.

தோணா இல்லை. பச்சைக் கடல் இல்லை. தலைநகரம் இல்லை. படுக்கையில் விழுந்தபிறகு, தன்னால் போக முடியாத இடத்தையெல்லாம் சுரண்டியிருக்கிறான். வெள்ளை அவன் ஒழுங்கைக்குள் வந்து வாசல்வரை நிற்கிறது.

மிச்சம் ஒரு வீடு. தூரத்தில் அதே புள்ளி.

நடுவில் புதிதாக ஒரு கோடு... விட்டு விட்டுப் போகிறது. பாதை இருக்கிறதா இல்லையா என்று தெரியாத இடத்தில் நாங்கள் போடும் கோடு அது. புள்ளிக்குக் கொஞ்சம் முன்னால் நின்றுவிட்டது.



அஸருக்குப் பிறகு அடக்கம். ஊரில் இருப்பவர்கள் வந்துவிடுங்கள்.

அல்லாஹ் உன்ட பாதைய லேசாக்கட்டும் மச்சான். வாப்பாவக் கண்டா சைக்கிள்ல ஏறிக்க.