மஞ்சள் பட்ட நோட்டு

சபாக் ஊர் வீட்டுப் பூசைத் தட்டில், மறைந்த என் அம்மா மலாயா காலத்து ஐம்பது காசு நாணயமும் பத்து வெள்ளி நோட்டும் வைத்திருந்தார். அசல்தானா என்று பார்த்துத் தரம் போடுபவர்களுக்கு அவற்றை அனுப்ப நினைத்தேன். அதற்கு முன் பளிச்சென்று இருக்கட்டும் என்று, வெள்ளிக்கிழமை விளக்கோடு சேர்த்து, காசையும் புளி போட்டுத் துலக்கிவிட்டேன்.

கிள்ளான் நாணயக் கடைக்காரர் லென்சில் பார்த்ததும் உதட்டைப் பிதுக்கினார். "என்னாக்கா, தேய்ச்ச காசுக்கு கிரேட் கெடைக்காது லா!"

"நோட்டுல மஞ்சக் கறை இருக்கு. சவுக்காரம் போட்டு அலசலாம்னு இருந்தேன்."

"ஐயோ, தொடாதீங்க! அப்படியே அனுப்புவோம்."

அசல் என்ற சான்றோடு நோட்டு பிளாஸ்டிக் உறையில் திரும்பி வந்தது. ஓரத்தில் கறை என்று லேபிளில் குறித்திருந்தார்கள். தீபாவளிக்குத் தீபாவளி அம்மா விரலால் மஞ்சள் வைத்த இடம் அது.

இப்போதெல்லாம் விளக்குக்கு மட்டும்தான் புளி. உறையைத் துடைக்கும்போது அந்தக் கறைமேல் என் விரலை வைத்துப் பார்ப்பேன். அம்மாவின் விரல் சின்னது.