‘இன்னும் இல்லீங்க’ என்று சொன்னவர்

மேடம் போய்விட்ட செய்தி வந்தபோது நான் கோழி ஷெட்டில் தண்ணீர்க் குழாயைக் கழற்றி மாட்டிக்கொண்டிருந்தேன். மூக்குக்கண்ணாடி வீட்டில் இருந்தது. ஃபோனில், வாட்ஸ்அப் குழுவில் அவருடைய படம் தெரிந்தது. சுற்றிலும் பூ, கீழே பொடிப்பொடியாக எழுத்து. ஏதோ விருது கொடுத்துவிட்டார்கள் போலிருக்கிறது என்று நினைத்துக் கை ஈரத்தைத் துடைத்துக்கொண்டு, “வாழ்த்துகள் மேடம், இன்னும் பல உயரங்களுக்குப் போக வேண்டும்” என்று அனுப்பிவிட்டேன். போதாதென்று கைதட்டுகிற பொம்மைகளையும் சேர்த்தேன்.

உடனே மகள் தாரணி கல்லூரியிலிருந்து கூப்பிட்டாள். “அப்பா, என்னப்பா செஞ்சுபோட்டீங்க? மேடம் எறந்துட்டாங்கப்பா. அத மொதல்ல அழிங்க!” அழிக்கப் போய் இன்னொரு கைதட்டலும் போய்விட்டது. அந்தக் குழுவில் இருக்கும் உங்கள் எல்லோரிடமும் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். தீவன மூட்டை மேல் உட்கார்ந்தவன் வெகுநேரம் எழவில்லை. இதைப் பார்த்திருந்தால் முதலில் சிரித்திருக்கக்கூடியவர் மேடம்தான் என்று தோன்றியபோதுதான் அழுகை வந்தது.

டாக்டர் மரகதம் அவர்களுக்கு நினைவு மலர் போடுகிறோம், நீங்களும் எழுதுங்கள் என்று அவருடைய மாணவர்கள் கேட்டார்கள். நீங்கள் எல்லாம் அவரிடம் படித்தவர்கள். நான் அவரிடம் திட்டு வாங்கியவன். பல்லடம் பக்கத்தில் கோழிப்பண்ணை வைத்திருக்கிறேன். படிப்பு பத்தாம் வகுப்பு. அதிலும் கணக்கில் எப்படிக் கரையேறினேன் என்பது இன்றுவரை எனக்கே விளங்கவில்லை. ஆகவே தப்பிருந்தால் திருத்திப் படித்துக்கொள்ளுங்கள்.

தாரணி ஐந்தாம் வகுப்பு முடித்த கோடையில் அவளுக்குச் சர்க்கரை நோய் என்று சொன்னார்கள். பெரியவர்களுக்கு வருவது வேறு, இது வேறு, இவள் உடம்பில் இன்சுலின் சுரக்கவே சுரக்காது, ஆயுசு முழுக்க ஊசிதான் என்றார் ஆஸ்பத்திரி டாக்டர். வீட்டில் ஒருவரும் நம்பவில்லை. என் மாமனாருக்கும் சர்க்கரைதான். ஒரு வைத்தியரிடம் இலைப்பொடி வாங்கித் தின்று சர்க்கரையை இறக்கிவிட்டதாக ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார். “என்ற ஆயுசுல இங்கிலீஸ் மருந்தத் தொட்டதில்ல மாப்ள” என்பதை அவர் சொல்லாத நாளில்லை. அதே பொடியைப் பேத்திக்கும் கொடுப்பது, வருகிற வெள்ளிக்கிழமை குலதெய்வக் கோயிலில் வைத்து ஊசியை நிறுத்துவது என்று முடிவாகிவிட்டது. நானும் தலையாட்டினேன். பெற்ற குழந்தையைத் தினமும் குத்துகிறவனுக்கு, குத்த வேண்டாம் என்று யார் சொன்னாலும் அவர்தான் தெய்வம்.

அந்த வாரம்தான் கோயமுத்தூரில் ஒரு கல்லூரியில் ஒரு அம்மா இலைச்சாற்றைச் சோதித்துச் சர்க்கரைக்கு மருந்து கண்டுபிடிக்கிறார் என்று கேள்விப்பட்டேன். எங்கள் வேலி நெடுகச் சிறுகுறிஞ்சான் கொடி. ஒரு சாக்கு நிறையப் பறித்துக்கொண்டு, மாமனாரின் பொடியிலும் ஒரு பொட்டலம் எடுத்துக்கொண்டு பஸ் ஏறினேன். கல்லூரி வாசலில் நம்பிக்கைக்காக நாலு இலையை நானும் மென்றுகொண்டேன்.

மேடம் உட்காரச் சொல்லி டீ வரவழைத்தார். ஒரு வாய் குடித்தேன், சப்பென்று இருந்தது. “ஏனுங்க, சர்க்கரை போட மறந்துட்டாங்களாட்ட இருக்குதுங்க” என்றேன். ஒரு கரண்டி போட்டார்கள். ஊஹூம். இன்னொரு கரண்டி. மணலைக் கரைத்துக் குடிப்பது போலவே இருந்தது. படித்தவர்கள் வீட்டுச் சர்க்கரை இப்படித்தான் போலிருக்கிறது என்று நான் முழிக்க, மேடம் என் பல்லில் ஒட்டியிருந்த பச்சையைப் பார்த்துவிட்டுச் சிரித்தார் பாருங்கள், பக்கத்து அறையிலிருந்து ஆட்கள் எட்டிப் பார்த்தார்கள்.

“அந்த எலைய மென்னா கொஞ்ச நேரத்துக்கு இனிப்பே தெரியாதுங்க. இப்ப உங்க நாக்கு ஏமாந்திருக்குது. ரத்தமும் ஏமாறுமான்னுதான் நாங்க பாத்துட்டிருக்கறோம்.”

“அப்ப மருந்து ஆச்சுங்களா?”

“இன்னும் இல்லீங்க.”

வெள்ளிக்கிழமை விஷயத்தைச் சொன்னேன். சிரிப்பு அப்படியே நின்றது. நாற்காலியை என் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டார். “செல்வராஜ், நல்லாக் கேட்டுக்கோங்க. இன்சுலின் சுரக்கறத மோட்டார்னு வெச்சுக்கோங்க. உங்க மாமனாருக்குக் கெணத்துல மோட்டார் இருக்குது, சரியா இழுக்கறதில்ல. அதைத் தட்டிக்கொட்டி ஓட்ட முடியுமான்னுதான் இந்த எலைய வெச்சு நாங்க பாக்கறோம். உங்க பொண்ணுக்கு மோட்டாரே இல்லீங்க. ஊசிய நிறுத்துனீங்கன்னா, கொஞ்ச நாள்ல புள்ளையே இருக்க மாட்டா.” இலையில் மருந்து தேடுவதே தொழிலாக வைத்திருப்பவர், என் மகளுக்கு ஒரு இலைகூட ஆகாது என்கிறார். அவர் வேறு என்ன சொல்லியிருந்தாலும் நான் மறந்திருப்பேன். அதை மறக்க முடியவில்லை. பொடிப் பொட்டலத்தை மட்டும் வாங்கி வைத்துக்கொண்டார்.

வியாழக்கிழமை மதியம் எங்கள் வீட்டு வாசலில் மேடம் நிற்கிறார். பஸ்ஸில் வந்து, மெயின் ரோட்டிலிருந்து வெயிலில் நடந்து வந்திருக்கிறார். “ஃபோன்ல சொன்னா நீங்க கேட்டுக்குவீங்க, உங்க ஊட்டுல கேக்க மாட்டாங்க. அதான் வந்தேனுங்க” என்றார்.

மாமனார் கட்டிலை விட்டு இறங்கவே இல்லை. “எலைதானுங்க அம்மணி. அது என்ன பண்ணிப்போடும்?”

“எருக்குலயும் எலைதானுங்க இருக்குது. அரைச்சுக் கொண்டு வரட்டுங்களா, ஒரு டம்ளர் குடிக்கறீங்களா?”

என் மனைவி சிரிப்பை அடக்க முடியாமல் சமையலறைக்குள் போய்விட்டாள். மாமனார் விடவில்லை. “நான் தின்னு எனக்கு எறங்குச்சே!”

மேடம் என் பக்கம் திரும்பினார். “நீங்க சொல்லுங்க. ஒரு ஷெட்டுக்குப் புதுத் தீவனம் போடறீங்க, கோழி எடை கூடுது. தீவனத்தாலதான்னு சொல்லிருவீங்களா?”

“இல்லீங்க. பக்கத்து ஷெட்டுல பழைய தீவனம் போட்டு, ரெண்டையும் பாக்கோணும்.”

“கோழிக்குப் பாக்கறதப் புள்ளைக்குப் பாக்க மாட்டீங்களா?”

அதற்குப் பிறகுதான் மேடம் மாமனாரின் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து, தாழ்ந்த குரலில் சொன்னார்: “அய்யா, உங்க பொடியச் சோதிச்சுப் பாத்தமுங்க. எலையோட சர்க்கரை நோய்க்கான மாத்திரைய அரைச்சுக் கலந்திருக்கறாங்க. அளவு தெரியாமத் தின்னுட்டு இருக்கறீங்க. எப்பவாச்சும் கெறுகெறுன்னு மயக்கம் வந்துச்சுங்களா?”

வந்திருந்தது. சந்தையில் விழுந்து, வெயில் என்று சொல்லித் தூக்கி வந்திருந்தோம். மாமனார் என்னைப் பார்த்துக் கேட்டார்: “அப்ப இத்தன நாளா நான் தின்னது இங்கிலீஸ் மருந்தா மாப்ள?”

வெள்ளிக்கிழமை கோயிலுக்குப் போனோம். பொங்கல் வைத்துவிட்டு வந்தோம். ஊசி நிற்கவில்லை. மாமனாரும் ஒழுங்காக டாக்டரிடம் போனார்.

அந்த வியாழக்கிழமையில் இன்னொன்றும் நடந்தது. சாப்பிட உட்கார்ந்ததும் தாரணி ஊசியை எடுத்துக்கொண்டு பாத்ரூமுக்குள் போனாள். பொட்டைப்பிள்ளைக்கு ஊசி என்று வெளியே தெரிந்தால் நாளைக்கு யார் கட்டுவார்கள் என்று சொந்தக்காரர்கள் பேசிப் பேசி அவளுக்கு அதுவே பழக்கமாகியிருந்தது. “ஏங் கண்ணு அங்க போற? சோறு இங்கதான இருக்குது?” என்றார் மேடம். அவள் எங்களைப் பார்த்தாள். நாங்கள் சாப்பாட்டு இலையைப் பார்த்தோம். பிறகு அவள் திரும்பி வந்து பந்தியிலேயே போட்டுக்கொண்டாள். அதற்கப்புறம் அவள் எந்த வீட்டிலும் ஊசிக்காக எழுந்து போனதில்லை.

வருஷாவருஷம் மழைக்குப் பிறகு ஒரு சாக்கு, வெயில் காலத்தில் ஒரு சாக்கு என்று சிறுகுறிஞ்சான் கொண்டுபோய்க் கொடுப்பேன். ஒரே கொடியில் பறித்தாலும் பருவத்துக்குப் பருவம் இலையின் வீரியம் மாறுமாம். அது தெரியாமல் மருந்து என்று சொல்லக்கூடாது என்பார். ஒவ்வொரு தடவையும் சாக்கை இறக்கியதும் கேட்பேன், “ஆச்சுங்களா?” ஒவ்வொரு தடவையும் அதே பதில்: “இன்னும் இல்லீங்க.” அப்புறம் டீ. அன்றைக்கு நான் இலை மெல்லவில்லைதானே என்று கேட்டுவிட்டுத்தான் ஊற்றச் சொல்வார்.

ஒரு தடவை போனபோது எல்லோருக்கும் லட்டு கொடுத்துக்கொண்டிருந்தார். மருந்து ஆகிவிட்டது என்று நினைத்துவிட்டேன். “வாழ்த்துகள் மேடம்!” என்று சத்தமாகச் சொல்லி இரண்டு லட்டாக எடுத்துக்கொண்டேன். பாருங்கள், வாழ்த்துச் சொல்வதில் எனக்கு அப்போதே இந்த ராசிதான். “தோத்துப்போனதுக்கு லட்டுங்க” என்றார். வேறொரு செடியின் சாறு எலிக்குச் சர்க்கரையை நன்றாக இறக்கியிருக்கிறது. தொடர்ந்து கொடுத்துப் பார்த்ததில் ஈரல் கெட்டுப்போயிருக்கிறது. உங்களில் சிலருக்கு அது பல வருஷ உழைப்பு. முகம் தொங்கிப்போய் நின்றீர்கள். மேடம் சொன்னது இதுதான்: “இனி இதக் குடிச்சு ஒருத்தருக்கும் ஈரல் போகாது. அதுக்கு ஒரு லட்டுத் திங்கக் கூடாதா?” நான் எடுத்த இரண்டாவது லட்டைத் திருப்பி வைக்கப் போனேன். “தின்னுங்க, உங்களுக்குத்தான் மோட்டார் ஓடுதே” என்றார்.

கடைசியாகப் பார்த்தது சிங்காநல்லூரில் அவர் வீட்டில். உடம்பு பாதியாகிவிட்டது, கண்ணில் அந்தக் குறும்பு மட்டும் அப்படியே. தாரணியையும் கூட்டிப் போயிருந்தேன். அவள் இப்போது கல்லூரியில் படிக்கிறாள், பஸ்ஸில் தனியாகப் போய் வருகிறாள், என்னை அதட்டுகிறாள். மேடம் வீட்டில் டிபன் வைத்தார்கள். தட்டுக்கு முன்னால் உட்கார்ந்து, பேச்சை நிறுத்தாமலேயே ஊசியைப் போட்டுக்கொண்டு இட்லியைப் பிட்டாள். மேடம் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

கிளம்பும்போது, “ஏனுங்க செல்வராஜ், இன்னிக்கு நீங்க கேக்கவே இல்லியே?” என்றார்.

உடம்பு இப்படி இருக்கும்போது எப்படிக் கேட்பது என்றுதான் விட்டிருந்தேன். அதட்டினார். கேட்டேன்.

“ஆச்சுங்களா?”

“இன்னும் இல்லீங்க” என்றார். மூச்சு வாங்கிக்கொண்டு, “ஆனா உங்க வேலி எலையக் குடுத்த எலிக்கு இதுவரைக்கும் ஈரல் நல்லாருக்குது. பசங்க விடாமப் பாப்பாங்க” என்றார். மூன்று பேரும் சிரித்தோம்.

அவரிடமிருந்து எனக்கு மிஞ்சியது என்னவென்றால், யார் எந்தப் பொடியைக் கொண்டுவந்து நீட்டினாலும் “பக்கத்து ஷெட்டு எங்கீங்க?” என்று கேட்கிற ஒரு வாய். வேலியில் கொடி இருக்கிறது. இந்த மழைக்கு நன்றாகத் தழைத்திருக்கிறது. சாக்கோடு வருவேன், நீங்கள்தான் பதில் சொல்ல வேண்டும். இன்னும் இல்லை என்றால் இன்னும் இல்லை என்றே சொல்லுங்கள்.

கடைசியாகப் பார்த்த அன்றைக்கு அவர் வாசற்படி வரை வந்து வழியனுப்பினார். வாய்வரை வந்ததை விழுங்கிவிட்டு, “வாரேனுங்க” என்று மட்டும் சொல்லிவிட்டு வந்தேன். சொல்லாமல் விட்டது இதுதான்: ஆகாட்டிப் போகுதுங்க மேடம். எங்களுக்கு ஆக வேண்டியது அந்த வியாழக்கிழமையே ஆகிப்போச்சுங்க.