கமலாவின் கதவுக்கு நான்கு உருளைகள்

போன வியாழக்கிழமை போர்ட்டிக்சனிலிருந்து கிள்ளானுக்குப் போனேன். துணிப்பையில் பழுதான கதவு உருளை ஒன்று. எங்கள் வீட்டு வாசலில் மூன்று படிகள். சக்கர நாற்காலி ஏறாது. கடல் பக்கம் சரிவுப் பாதை உண்டு. ஆனால் அங்கே இருக்கும் கண்ணாடி இழுவைக் கதவு நகர மறுத்துவிட்டது. என் மனைவி கமலா இடுப்பெலும்பு முறிந்து, அறுவை சிகிச்சை முடிந்து, ஒன்பது வாரமாகப் பிரிக்பீல்ட்ஸில் பதினோராவது மாடியிலுள்ள மகள் வீட்டில் இருக்கிறாள். அந்தக் கதவு திறந்தால்தான் அவள் வீடு திரும்ப முடியும்.

தவறு என்னுடையது. பழைய இரும்பு உருளைகள் துருவேறியிருந்தன. உப்புக் காற்றுக்கு ஸ்டெயின்லெஸ்தான் சரி என்று நினைத்து, உருளையையும் அது சுற்றும் அச்சையும் 304 என்ற ஒரே வகையில் சிரம்பானில் கடைந்து வாங்கி, நானே மாட்டினேன். இரண்டும் ஒரே பளபளப்பு. மூன்று நாள் வழுக்கிக்கொண்டு ஓடியது. நான்காம் நாள் நின்றது. கிரீஸ் போட்டும் அசையவில்லை. கமலா தினமும் தொலைபேசியில் கேட்பாள். நான்காம் நாளுக்குப் பிறகும் "ஓடுது" என்றே சொல்லிவந்தேன்.

காலை 6.15க்குப் பேருந்து. சிரம்பானில் 7.40 கொமுட்டர் ரயில். கேஎல் சென்ட்ரலில் இறங்கும்போது 9.10. மகள் வீட்டுக்கு நடை பன்னிரண்டு நிமிடம். கமலா சன்னலோரம் உட்கார்ந்திருந்தாள். அங்கிருந்து தெரிவது ரயில் தண்டவாளமும் எதிர் அடுக்குமாடியின் துணிக்கொடிகளும்தான்.

"சனிக்கிழமை கூட்டிட்டுப் போறீங்கதானே?"

"போலாம்."

"கதவு?"

"ஓடுது." பையைக் காலுக்குப் பின்னால் தள்ளினேன்.

கிள்ளானுக்கு 10.40 ரயில், ஒரு மணி நேரத்துக்குச் சற்றுக் கூடுதல். அங்கிருந்து கடைசல் பட்டறை இருக்கும் பண்டமாரான் ஆறு கிலோமீட்டர். வாடகை வண்டிக்கு ஒன்பது ரிங்கிட். பட்டறையை நடத்துபவர் பரமேஸ்வரி, ஐம்பதை நெருங்குபவர், துறைமுக இயந்திரங்களுக்கு உருளை கடைகிறவர். என் உருளையை வாங்கித் திருகிப் பார்த்தார். சுற்றவில்லை. அச்சைத் தட்டி வெளியே எடுத்து, அதன் மேலிருந்த கீறல்களில் என் விரலை வைத்துத் தேய்த்தார். உலோகம் பிய்ந்து, திட்டுத்திட்டாக ஒட்டியிருந்தது.

"ரெண்டுமே 304 போட்டீங்களா அங்கிள்?"

"நல்ல ஸ்டீல்னு சொன்னாங்க."

"நல்ல ஸ்டீல்தான், சட்டி செய்ய. ரெண்டும் மெத்துன்னு இருக்கிற ஸ்டீல். பாரம் ஏறித் தேயும்போது மேல் தோல் உரிஞ்சிடும். உள்ள இருக்கிறது ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக்கும் லா."

"அப்போ 316? கடலுக்கு அதுதான்னு..."

"துருவுக்கு நல்லது. ஒட்டுறதுல அதே கதைதான்."

440C என்ற வகை மிகக் கடினம், எளிதில் ஒட்டாது. ஆனால் கடலோரத்தில் புள்ளி புள்ளியாகத் துரு பிடிக்கும் என்றார். கடைசியில் முடிவானது இது: உருளைக்கு, கெட்டிப்படுத்திய 17-4 என்ற வகை. அச்சுக்கு, மாங்கனீசும் சிலிக்கனும் கூடுதலாகச் சேர்த்த வகை. ஒட்டாமல் இருப்பதற்கென்றே அது செய்யப்படுகிறது. விலை அதிகம்; சுலபமாகக் கிடைக்காது. அலமாரிக்கு அடியிலிருந்து முழங்கை நீளத் துண்டு ஒன்றை இழுத்தார்.

"நாலு அச்சுக்குச் சரியா வரும். ஒண்ணைக் கெடுத்தேன்னா மூணு காலு கதவுதான் உங்களுக்கு."

கெடுக்கவில்லை. 4.30க்கு எல்லாம் தயார். நானூற்று இருபது ரிங்கிட்.

பிரிக்பீல்ட்ஸ் திரும்பியதும் புதிய உருளைகளை மேசையில் வைத்தேன், பழையதையும் வைத்தேன். முப்பத்தொரு வருடம் செய்தியாளனாக இருந்தவன். தவறாக வந்த செய்திக்கு மறுநாள் திருத்தம் போட்டவன். இந்தத் திருத்தத்துக்கு ஒரு வாரம் ஆனது.

கமலா பழைய உருளையை எடுத்து அச்சைப் பிடித்துத் திருகினாள். இரண்டு கையாலும் திருகினாள்.

"இதுதான் ஓடுதா?"

"மூணு நாள் ஓடுச்சி."

"நான் ஒம்பது வாரமா இந்த ரயிலையே எண்ணிக்கிட்டு இருக்கேன். ஓடலன்னு சொல்லியிருந்தா, இந்த ஒரு வாரம் பையைத் திறந்து திறந்து மடிச்சிருக்க மாட்டேன்." கட்டிலருகில் அவள் பை இருந்தது, கட்டி முடித்தபடி.

இதே வேலைக்குப் போக நினைப்பவர்களுக்கு: பழைய உருளையை அச்சோடு எடுத்துச் செல்லுங்கள், பட்டறைக்காரர் அந்தக் கீறல்களைப் பார்க்க வேண்டும். கதவின் கீழுள்ள தண்டவாளம் எந்த வகை உலோகம் என்பதையும் கேட்டு வையுங்கள். உருளை அதன் மேல்தான் ஓடுகிறது. கடைந்து முடிக்க மாலையாகிவிடும், நண்பகலுக்கு முன்பே போய்விடுங்கள். மாட்டிய பிறகு வாரம் ஒருமுறை நல்ல தண்ணீரில் உப்பைக் கழுவுங்கள். ஒரே பளபளப்பைப் பார்த்து நிறைவடையாதீர்கள்.

வெள்ளிக்கிழமை மதியம் நான்கையும் மாட்டினேன். கதவு ஒரு விரலுக்கு ஓடியது. கமலாவைத் தொலைபேசியில் அழைத்தேன். "ஓடுது" என்று இந்த முறை சொல்லவில்லை. கதவை இழுத்துவிட்டுத் தொலைபேசியைக் கடல் பக்கம் நீட்டிப் பிடித்தேன். அலை ஏறி இறங்கும் சத்தம்.

பிறகு, "சாத்தாதீங்க," என்றாள். "நான் வர்ற வரைக்கும் அப்படியே இருக்கட்டும்."