துபாய்க் கம்பளி

மே 12, ஞாயிறு. காலை ஆறரைக்குப் பால் கொடுத்தேன், ஒன்பதுக்குக் குளிப்பாட்டினேன், பத்தேகாலுக்கு மகள் தூங்கினாள். நாற்பத்திரண்டு வயதில் நான் பெற்ற பிள்ளை. அன்று ஐம்பத்தாறாவது நாள்.

நான் மாடியில் துணி உலர்த்திவிட்டு வருவதற்குள், பக்கத்து வீட்டிலிருந்து வந்த மைனி, என் கணவரின் அக்கா, ஜன்னலைச் சாத்தி, மின்விசிறியை நிறுத்தி, தன் மகன் துபாயிலிருந்து கொண்டுவந்த புலிப்படக் கம்பளியைப் பிள்ளைமேல் போர்த்தியிருந்தார். பிடரியைத் தொட்டேன். வியர்வையில் நனைந்திருந்தது, கழுத்து மடிப்பில் வேர்க்குரு சிவந்திருந்தது. கம்பளியை எடுத்தேன்.

“ஏட்டி, ஆசையா தந்ததாக்கும். பிள்ளைக்கு சளி பிடிச்சா என்ன செய்வ?”

“துபாயில ஏசி உண்டு மைனி. இங்க நீங்களே முந்தானையால விசிறிட்டுல்லா நிக்கீய!”

“வயசு காலத்துல பெத்துட்டு, பிள்ளை வளக்க உனக்கென்ன தெரியும்?”

“தெரிஞ்சிக்கிடுவேன். என் பிள்ளையாக்கும்.”

ஜன்னலைத் திறந்தேன். மின்விசிறியை மெதுவாக ஓடவிட்டேன். பிள்ளைக்கு வடசேரி சந்தையில் வாங்கிய பருத்திச் சட்டை மட்டும். கால்மணிக்கொருமுறை பிடரியைத் தொட்டுப் பார்த்தேன். பதினொன்றரைக்கு அது உலர்ந்து இளஞ்சூடாக இருந்தது. மைனி தன் வீட்டுக்குப் போய்விட்டார்.

மறுநாள் காலை முதல் வேலையாக, அந்தக் கம்பளியை நான்காக மடித்து, எங்கள் வீட்டில் மைனி வழக்கமாக உட்காரும் நாற்காலியில் மெத்தையாகப் போட்டேன்.