பதினேழு நாள் ஓடாத கார்

ஆடி மாதத்து இரண்டாவது வெள்ளிக்கிழமை, படவேட்டு அம்மனைப் பார்க்கக் கிளம்பிய ஒரு குடும்பத்தை ஏற்றிக்கொண்டு போன எங்கள் கார், சந்தவாசலைத் தாண்டியதும் நடுரோட்டில் நின்றுவிட்டது. பொங்கல் பானையோடும் கோழியோடும் வந்தவர்கள் அப்பாவைத் திட்டிவிட்டு ஷேர் ஆட்டோவில் ஏறிப் போய்விட்டார்கள். மத்தியானம் ஒரு டிராக்டர் கயிறு கட்டி இழுத்துவர, கார் எங்கள் தெருவுக்குள் நுழைந்தது. பக்கத்து வீட்டு பவர்லூம்காரர் தறியை நிறுத்திவிட்டு வெளியே வந்து பார்த்தார். ஸ்டியரிங்கைப் பிடித்தபடி அப்பா யாரையும் பார்க்காமல் உட்கார்ந்திருந்தார். நான் அப்போது ஐந்தாம் வகுப்பு. எங்கள் கார் இழுபட்டு வருவதைப் பார்க்க எனக்கு அழுகை வந்தது.

அது வாடகைக்கு ஓடும் டீசல் கார். பட்டு வியாபாரிகளைப் புடவை மூட்டைகளோடு சென்னைக்கும் பெங்களூருக்கும் கொண்டுபோவதுதான் அப்பாவின் தொழில். மாதத்தில் பாதி நாள் வெளியூர். அம்மா பாலிடெக்னிக்கில் எலக்ட்ரானிக்ஸ் படித்தவள். முன்னறையில் ஒரு மேசை போட்டுக்கொண்டு மிக்ஸி, இன்வெர்ட்டர், டிவி ரிமோட் என்று கொண்டுவருவதையெல்லாம் சரிசெய்து கொடுப்பாள். கெட்டுப்போன எதையும் காதருகே வைத்து ஒரு ஆட்டு ஆட்டிப் பார்த்தே பாதி நோயைச் சொல்லிவிடுவாள் என்று தெருவில் அவளுக்குப் பேர். எனக்கு அதில் அளவுகடந்த பெருமை.

மெக்கானிக் வந்தார். ஸ்கேனரை மாட்டிப் பார்த்துவிட்டு, டீசல் எவ்வளவு அழுத்தத்தில் போகிறது என்று சொல்லும் சென்சார் போய்விட்டது என்றார். புது சென்சார் வாங்கிப் போட்டார்கள். கார் கிளம்பியது. பஸ் ஸ்டாண்டு வரைக்கும் போய் மறுபடி நின்றது. இரண்டாவது தடவை வந்த மெக்கானிக், அப்படியென்றால் பம்ப்பையே மாற்ற வேண்டும், வேலூரில்தான் கிடைக்கும் என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். அப்பா தலையில் கைவைத்து உட்கார்ந்தார். அப்போதுதான் அம்மா, கையிலிருந்த டெஸ்டரைக் கீழே வைத்துவிட்டு வெளியே வந்தாள்.

"பம்ப்பு இல்லீங்க. புது சென்சார் போட்டும் அதே பேஜார்னா, சென்சாருக்குப் போற ஒயர்லதான் இன்னாமோ கீது. நான் பாக்கறேன்."

அன்று இரவு சாப்பிடும்போது எனக்கு விளக்கமாகச் சொன்னாள். அந்தச் சென்சாருக்கு மூன்று ஒயர். ஒன்றில் ஐந்து வோல்ட் வரும். ஒன்று எர்த். மூன்றாவது, சென்சார் பார்த்ததைக் கம்ப்யூட்டருக்குப் போய்ச் சொல்லும். ஐந்து வோல்ட் வராவிட்டால் சென்சாருக்குப் பேச வராது. அது பேசாவிட்டால் கம்ப்யூட்டர் பயந்துபோய் இன்ஜினை நிறுத்திவிடும். "அதுக்கு அறிவு கம்மி. பயம் ஜாஸ்தி," என்றாள். நான் சிரித்தேன். அப்பாவும் சிரித்தார். ஜல்தியாக முடிந்துவிடும், இரண்டு நாள் போதும் என்று அம்மா சொன்னாள்.

அந்த இரண்டு நாள் வளர்ந்துகொண்டே போனது.

காலையில் என்னைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பிவிட்டு அம்மா பானட்டைத் திறப்பாள். சாவியைத் திருப்பி வைத்துவிட்டு, மீட்டரின் இரண்டு ஊசிகளையும் சென்சார் சாக்கெட்டில் குத்தி எண்ணைப் பார்ப்பாள். எண் சரியாகவே இருக்கும். கார் நின்றிருக்கும்போது எல்லாம் ஒழுங்காக இருக்கிறது, ஓடி ஆடினால்தான் எங்கோ விட்டுப்போகிறது என்பாள். முதல் நாட்களில் அவள் விரல்கள் கருத்து, நகக்கண்ணில் கிரீஸோடுதான் எனக்குச் சோறு போட்டாள்.

இடையில் ஒரு சாயங்காலம் காய்ந்த துணி எடுக்க மொட்டை மாடிக்குப் போனாள். அப்பா அதற்கு முன்பே போனோடு மேலே போயிருந்தார். போன் வந்தால் மாடிக்குப் போய்ப் பேசுவது அவர் வழக்கம். வீட்டுக்குள் டவர் கிடைப்பதில்லை என்பார். அம்மா பாதித் துணியோடு கீழே வந்தாள். மீதியை எடுக்க மறுபடி போகவில்லை. ராத்திரி மழையில் என் யூனிபார்ம் நனைந்துவிட்டதற்காக நான்தான் கத்தினேன்.

அதற்குப் பிறகு அம்மாவின் வேலை மந்தமாகிவிட்டது. பானட்டைத் திறப்பாள், ஊசியை வைப்பாள், ஐந்து என்று காட்டும், மூடிவிடுவாள். சில நாள் திறப்பதும் இல்லை. "கண்டுபிடிச்சிட்டியா?" என்று அப்பா கேட்டுக்கொண்டே இருந்தார். "நாளைக்குப் பாக்கறேன்," என்பது அவள் பதில். கால் மணி நேரத்தில் மிக்ஸியைப் பேசவைக்கும் என் அம்மாவுக்கு இந்தக் காரின் நோய் பிடிபடவில்லையே என்று எனக்கு அவமானமாக இருந்தது. பள்ளிக்கூடத்தில் வேறு சொல்லிவைத்திருந்தேன்.

ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். அந்த நாட்களில் அப்பா வீட்டிலேயே இருந்தார். என்னை நடத்தியே பள்ளிக்கூடத்துக்குக் கூட்டிக்கொண்டு போவார். சாயம் போட்ட பட்டு நூலைத் தெருவில் இழுத்துக் கட்டிக் காயவைத்திருக்கும் இடங்களில் என்னைத் தூக்கி அந்தப் பக்கம் விடுவார். எனக்குப் பத்து வயது, குனிந்து போகத் தெரியும். இருந்தாலும் தூக்கச் சொல்வேன். சாயங்காலம் கேரம் ஆடுவோம். ஆட்டத்துக்கு நடுவில் போன் வரும், மாடிக்குப் போவார், திரும்பி வந்தால் அவர் முறை எது என்பதே அவருக்கு மறந்திருக்கும். நான் இரண்டு காய்களைத் திருடிவைத்திருப்பேன். அவருக்குத் தெரியவே தெரியாது.

ஒரு புதன்கிழமை. பள்ளிக்கூடம் விட்டு வந்தபோது அம்மா மீட்டரை என் கையில் கொடுத்து, ஊசி நழுவாமல் பிடித்துக்கொண்டு எண்ணைப் படிக்கச் சொன்னாள். அவள் காருக்குள்ளே டாஷ்போர்டுக்கு அடியில் எதையோ பார்த்துக்கொண்டிருந்தாள். நான் ஸ்டூல்மேல் நின்று, "அஞ்சு... அஞ்சு..." என்று சொல்லிக்கொண்டிருந்தேன். பாவாடை பம்பரில் மாட்டிக்கொண்டது. அதை விடுவிக்கக் குனிந்தபோது என் முழங்கை இன்ஜினுக்குப் பின்னால் போகும் கறுப்பு ஒயர்க்கட்டின்மேல் அழுந்தியது.

"அம்மா, பூஜ்ஜியம்!"

"கை ஆடியிருக்கும்."

ஆடவில்லை. முழங்கையை எடுத்தேன், ஐந்து. அழுத்தினேன், பூஜ்ஜியம். எடுத்தேன், ஐந்து. எனக்கு அது விளையாட்டாகிவிட்டது. அம்மா வேகமாக வந்து என் கையைப் பிடித்து நிறுத்தினாள். ஒயர்க்கட்டின் டேப்பைக் கொஞ்சம் கொஞ்சமாக உரித்தாள். ஒரு தகட்டின் விளிம்பு உரசி உரசி, உள்ளேயிருந்த ஒரு ஒயரின் தோல் தேய்ந்துபோயிருந்தது. செம்பு பச்சை பூத்து, இரண்டு இழை மட்டும் ஒட்டிக்கொண்டிருந்தது. வண்டி குலுங்கினால் விடும், நின்றால் ஒட்டும். அம்மா அதையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு உரித்த டேப்பை எப்படி இருந்ததோ அப்படியே சுற்றி அழுத்தினாள்.

"அப்பாகிட்ட சொல்லாதடி. நானே சொல்லிக்கறேன்."

நான் அதற்கு என்ன அர்த்தம் செய்துகொண்டேன் என்றால், நாளைக் கழித்து வெள்ளிக்கிழமை. நாலாவது ஆடி வெள்ளி. விடியற்காலையில் கார் உறுமப்போகிறது, அப்பா அசந்துபோகப்போகிறார், நாங்கள் மூன்று பேரும் படவேட்டுக்குப் போகப்போகிறோம். வியாழக்கிழமை ராத்திரி அம்மா சொல்லாமலே என் பட்டுப்பாவாடையை எடுத்துத் தலைமாட்டில் வைத்துக்கொண்டு தூங்கினேன்.

வெள்ளிக்கிழமை வந்தது. அம்மா ஒரு இன்வெர்ட்டரைப் பிரித்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். கார் பக்கமே போகவில்லை. நான் அவள் முகத்தையே பார்த்தேன். அவள் நிமிரவில்லை. சனிக்கிழமையும் அப்படித்தான்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அப்பா மாடியிலிருந்து இறங்கி வந்தார். முகம் வீங்கியிருந்தது. காருக்குள் போய் உட்காருவார் என்று பார்த்தால், தரையில் உட்கார்ந்து டயரில் தலையைச் சாய்த்துக்கொண்டார். நான் கேரம் போர்டைத் தூக்கிக்கொண்டு போனேன்.

"வேணாம் பாப்பா. பேஜாரா கீது. எங்கியும் போவ முடியல, இருக்கவும் முடியல. செத்துடலாமான்னு கீது."

அழுதார். அப்பா அழுது நான் பார்த்ததில்லை. சாவு என்ற சொல்லைக் கேட்டதும் கேரம் போர்டைக் கீழே போட்டேன். ஒரு ஒயரால் இவ்வளவு துக்கமா, அதுவும் எங்கே அறுந்திருக்கிறது என்று எனக்குத் தெரிந்திருக்கும்போது! அப்பா சாகாமல் இருக்க என் கையில் மருந்து இருந்தது. அம்மாவுக்குக் கொடுத்த வாக்கு அந்த நேரத்தில் எனக்குப் பெரிதாகப் படவில்லை.

"அப்பா, அழாதப்பா. நான் காட்டறேன் வா."

பானட்டைத் தூக்கச் சொன்னேன். எந்த இடம் என்று தொட்டுக் காட்டினேன். டேப்பை உரித்துப் பார்த்தவர், அந்தப் பச்சை பூத்த செம்பைப் பார்த்தவர், என் பக்கம் திரும்பினார்.

"அம்மாவுக்குத் தெரியுமா?"

"புதன்கிழமையே தெரியுமே," என்றேன். அம்மாவின் திறமையைப் பற்றி அவருக்கு இனிமேல் சந்தேகம் இருக்கக்கூடாது என்பதற்காகச் சற்று உரக்கவே சொன்னேன்.

அப்பா உள்ளே போனார். நான் பின்னாலேயே ஓடினேன். அம்மா மேசையில் ஒரு மிக்ஸியைத் திறந்து வைத்திருந்தாள். அவரைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். சொல்லிவிட்டேன் என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது. என்னைத் திட்டவில்லை.

"தெரிஞ்சிகினே சொல்லாம இருந்தியா? இன்னாத்துக்கு?"

"ஓடாதவரைக்கும் வீட்ல இருந்தீங்க," என்றாள் அம்மா.

கார் ஓடாவிட்டால் அப்பா வீட்டில்தானே இருப்பார், இதில் சொல்ல என்ன இருக்கிறது என்று நினைத்தேன். அப்பா தரையைப் பார்த்துக்கொண்டு, "ஒயரப் போட்டுக் குடுத்துடு," என்றார்.

அம்மா எழுந்து சால்டரிங் பெட்டியை எடுத்துக்கொண்டு வெளியே போனாள்.

அவள் அந்த வேலையைச் செய்ததை இன்றைக்கும் என்னால் வரிசையாகச் சொல்ல முடியும். பேட்டரி ஒயரைக் கழற்றினாள். தேய்ந்த பாகத்தை வெட்டி எறிந்தாள். நடுவில் புது ஒயர் சேர்த்து, இரண்டு பக்கமும் முறுக்கி ஈயம் வைத்தாள். ரப்பர் குழாய் மாதிரி ஒன்றை மேலே ஏற்றி, மெழுகுவர்த்தியைக் காட்டிச் சுருங்கவைத்தாள். ஒயர்க்கட்டு முழுக்கப் புது டேப் சுற்றினாள். அதோடு விட்டிருக்கலாம். விடாமல், மறுபடி அந்தத் தகட்டில் உரசக்கூடாது என்று பழைய சைக்கிள் டியூபை வெட்டி விளிம்புக்கு மெத்தை போட்டு, ஒயர்க்கட்டையே நான்கு விரல் தள்ளி இழுத்துக் கட்டினாள். அப்பா அவள் கேட்டதையெல்லாம் எடுத்துக் கொடுத்தார். இருவர் தலையும் பானட்டுக்குள் ஒன்றாகக் குனிந்திருந்தன. அம்மாவின் மூக்கு நுனியிலிருந்து சொட்டியதை வியர்வை என்றே எண்ணினேன்.

"ஸ்டார்ட் பண்ணுங்க."

முதல் திருப்பிலேயே கிளம்பியது. அம்மா ஒயர்க்கட்டைப் பிடித்து ஆட்டினாள், குலுக்கினாள், முழங்கையால் அழுத்தினாள். இன்ஜின் நிற்கவில்லை. நான் கைதட்டிக்கொண்டு குதித்தேன். பவர்லூம்காரர் கூட வெளியே வந்து, "மெக்கானிக்கையே மிஞ்சிட்டீங்கம்மா," என்றார். அம்மா கையைத் துடைத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

சோதித்துப் பார்க்க அப்பா என்னைக் கண்ணமங்கலம் வரைக்கும் ஓட்டிக்கொண்டு போனார். அம்மா வரவில்லை. பஜ்ஜி வாங்கிக் கொடுத்தார், நான் தின்று முடிக்கும்வரை என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். அவருடையதையும் எனக்கே கொடுத்துவிட்டார். திரும்பும் வழியில், "அம்மா படிச்சவ, உன்ன நல்லா பாத்துக்குவா," என்றார். எனக்குத் தெரியும் என்றேன்.

மறுநாள் காலை ஓசூர் ட்ரிப் என்று கிளம்பினார். எப்போதும் ஒரு பை எடுத்துப் போவார். அன்றைக்கு இரண்டு. எப்போது வருவீர்கள் என்று அம்மா எப்போதும் வாசலில் நின்று கேட்பாள். அன்றைக்குக் கேட்கவில்லை. அதனால் நான் கேட்டேன். "வந்துடுவேன் பாப்பா," என்றார். கார் தெருமுனையில் துளி உதறலும் இல்லாமல் திரும்பிப் போனது.

ஓசூரில் அவருக்கு வேறொரு பெண்ணோடு ஒரு வீடு இருந்தது என்பது எனக்குத் தெரியவர நாலைந்து வருடம் ஆயிற்று. அவ்வளவு தவித்தவர் பஸ் ஏறிப் போயிருக்கலாமே என்று பிற்பாடு சிலர் கேட்டிருக்கிறார்கள். போயிருக்கலாம். காரை விட்டால் அவருக்குப் பிழைப்பு இல்லை. அவரை நிறுத்திவைத்திருந்தது நாங்கள் இல்லை, ஓடாத அந்தக் கார்தான் என்பதை அம்மா, மாடியில் அவர் போன் பேச்சைக் கேட்டுவிட்டுப் பாதித் துணியோடு இறங்கும்போதே புரிந்துகொண்டிருக்கிறாள். நான் அவரைக் காப்பாற்றுவதாக நினைத்துக்கொண்டு அவளைக் காட்டிக்கொடுத்தேன். இதைப் பற்றி அவள் என்னிடம் ஒருநாளும் பேசியதில்லை.

அந்த ஆடி முடிந்து ஆவணி வந்தபோதும் அப்பா வரவில்லை. போன் எடுக்கவில்லை. கார் மறுபடி எங்கோ நடுரோட்டில் நின்றுவிட்டது, அந்த ஊரில் நல்ல மெக்கானிக் இல்லை, அதனால்தான் வரமுடியவில்லை என்று நான் உறுதியாக நம்பினேன். ஒரு நாள் அம்மா எனக்குத் தலை பின்னிக்கொண்டிருந்தபோது கேட்டேன்.

"வண்டி மறுபடியும் நின்னுபோயிருக்குமாம்மா?"

பின்னிக்கொண்டிருந்த கை நின்றது.

"நிக்காது. நான் போட்ட ஜாயிண்ட் அது. நிக்கவே நிக்காது."

தன் கைவேலையைப் பற்றி அம்மா பெருமையாகச் சொல்கிறாள் என்று நினைத்து, நான் சந்தோஷமாகத் தலையை ஆட்டினேன்.