ரோமர் சுரங்கத்தில் நான் வைத்த மெழுகுதிரி

மூன்று வருடங்களுக்கு முன், நவம்பர் மாதத்து ஒரு சனிக்கிழமை அது நடந்தது. லண்டனின் தென்கிழக்கு ஓரத்தில், தண்ணீர் கொண்டுபோவதற்காக ரோமர்கள் சுண்ணாம்புப் பாறையைக் குடைந்து வெட்டிய ஒரு சுரங்கத்தைப் பாதுகாத்து வருகிறார்கள். எங்கள் பங்குக் கோயிலில் இருந்து பதினெட்டுப் பேரை அதைப் பார்க்க அழைத்துப் போனேன். சுற்றுலா என்றால் ஏற்பாடு எல்லாம் என் தலையில் விழும். உண்மையில் நான்தான் இழுத்துப் போட்டுக்கொள்வேன். கிங்ஸ்பரியில் வாடகை வான் வண்டி பிடிப்பதில் இருந்து வழிச் சாப்பாட்டுக்கு மீன் வைத்த பணிஸ் கட்டுவது வரை வேறொருவர் செய்தால் எனக்குப் பிடிக்காது.

வாசலில் ஹெல்மெட் கொடுத்த காவலாளி தமிழர். அறுபது வயதிருக்கும், நெற்றியில் திருநீறு. எங்கள் பேச்சைக் கேட்டதும் முகம் மலர்ந்துவிட்டது. "எவடம் தங்கச்சி?" என்றார். பாஷையூர் என்றேன். அவருடைய ஊர் இணுவில். இரண்டு நிமிடத்தில் இருவருக்கும் தெரிந்த ஒரு வாத்தியாரையும் கண்டுபிடித்துவிட்டோம்.

பொறுப்பாளரான வெள்ளைக்காரப் பெண்மணிதான் உள்ளே சுற்றிக் காட்டினார். உளி விழுந்த தழும்புகள் சுவரெங்கும் அப்படியே இருந்தன. ஒரு வளைவில், முழங்கை உயரத்தில் சின்ன மாடம் ஒன்று. வேலை செய்தவர்கள் எண்ணெய் விளக்கு வைத்த இடமாம். மாடத்தின் மேல்பக்கம் கறுத்திருந்தது. அந்தக் கறுப்பு ரோமர் விளக்கின் புகை, இந்தச் சுரங்கத்திலேயே பெறுமதியானது அதுதான், யாரும் தொடக்கூடாது என்றார். நான் தலையாட்டினேன். எங்கள் ஆட்களுக்குத் தமிழில் விளக்கமும் சொன்னேன். எனக்குத் தெரியாது என்று தப்பிக்க வழியே இல்லை.

பார்த்து முடிந்து அவர் அலுவலகத்துக்குப் போனபின் எனக்கு அந்த எண்ணம் வந்தது. நவம்பர் இறந்தவர்களின் மாதம். ஊரில் என்றால் சேமக்காலைக் கல்லறைகள் முழுக்க மெழுகுதிரி எரியும். என் தம்பிக்குக் கல்லறை இல்லை. ஊரில் நடந்த போரின் கடைசிச் சண்டையில் செத்துப்போனவன், எங்கே கிடக்கிறான் என்று யாருக்கும் தெரியாது. இங்கே எங்கள் கோயிலிலோ பொத்தானை அமத்தினால் எரிகிற மின்சாரத் திரிதான். அது எனக்கு ஒருநாளும் திரியாகப் படவில்லை. ஆகவே கைப்பையில் எப்போதும் ஒரு மெழுகுதிரியும் நெருப்புப்பெட்டியும் வைத்திருப்பேன்.

இறந்தவர்களுக்காக ஒரு செபம் சொல்ல வேண்டும், ஐந்து நிமிடம் விடுவீர்களா என்று காவலாளி அண்ணையிடம் கேட்டேன். பார்வையாளர்களைத் தனியே விடக்கூடாது என்பது அவருக்கு விதி. இருந்தாலும், "எங்கட சனம்தானே, அஞ்சு நிமிசம் மட்டும். நான் வாசல்ல நிக்கிறன்" என்று மரியாதையாக விலகிப் போனார்.

நான் மெழுகுதிரியைக் கொளுத்தினேன். கல்லறையில் செய்வதுபோல, மாடத்தில் நாலு சொட்டு மெழுகை விட்டு அதன்மேல் திரியை நிறுத்தினேன். ஒருவரும் தடுக்கவில்லை. இரண்டு பேர் அழுதார்கள், நானும் அழுதேன். செபம் முடிய ஊதி அணைத்து, பிடுங்கிக் கைப்பையில் போட்டுக்கொண்டேன்.

அணைந்த திரியின் மணம் வெளியே போனது எங்களுக்குத் தெரியவில்லை. பொறுப்பாளர் ஓடிவந்து மாடத்துக்குள் பார்த்துவிட்டு, எங்கள் பக்கம் திரும்பினார். யாராவது எதையாவது கொளுத்தினீர்களா என்று கேட்டார். எல்லோரும் அவரவர் சப்பாத்தைப் பார்த்தார்கள். எங்களுக்கு ஆங்கிலம் விளங்கவில்லை என்று நினைத்தாரோ என்னவோ, தமிழில் கேட்கும்படி காவலாளியிடம் சொன்னார்.

அவர் நேரே என்னைப் பார்த்துத்தான் கேட்டார். "தங்கச்சி, ஆரும் மெழுகுதிரி கொளுத்தினீங்களோ? பயப்பிடாமச் சொல்லுங்கோ."

"இல்லை அண்ணை, ஒருத்தரும் கொளுத்தேல்லை" என்றேன். திரி கைப்பைக்குள் இன்னும் சூடாகவே இருந்தது.

அவர் பொறுப்பாளரிடம் திரும்பி, இல்லையாம் என்று ஆங்கிலத்தில் சொன்னார். திரும்பும் வழியில் வானுக்குள் பணிஸ் கொடுத்தேன். எல்லோரும் சாப்பிட்டோம்.

அடுத்த வாரம் குருவானவரிடம் பாவத்தைச் சொல்லிப் பாவசங்கீர்த்தனம் செய்தேன். கடவுளிடம் சொல்வது லேசு, அவர் பொறுப்பாளருக்குப் போன் எடுக்க மாட்டார். மனம் லேசாகி வெளியே வந்தேன். பூசை முடிந்து தேத்தண்ணி குடிக்கும்போது, எங்களோடு வந்த ஒரு பெண் என்னை ஓரமாகக் கூப்பிட்டாள். அவளுடைய கணவரும் அதே காவல் கொம்பனியில்தான் வேலை. "அந்த அண்ணையை வேலையால நிப்பாட்டிப்போட்டாங்களாம் அக்கா. நாங்கள் இல்லையெண்டு சொன்னபடியால், அவர்தான் திரி கொளுத்திக் கும்பிட்டிருக்கிறார் எண்டு முடிவு கட்டிப்போட்டாங்கள்" என்றாள்.

கையில் இருந்த கோப்பையை எங்கே வைத்தேன் என்று இன்றும் நினைவில்லை. என்னுடைய ஒரு 'இல்லை', அந்த மனிதரின் நெற்றித் திருநீற்றையே அவருக்கு எதிரான சாட்சியாக்கிவிட்டது.

அன்றே எல்லாவற்றையும் சுரங்க அலுவலகத்துக்கு எழுதி அனுப்பினேன். பொறுப்பாளர் என்னை நேரில் கூப்பிட்டார். அவர் கத்தவில்லை, கத்தியிருக்கலாம். மெழுகை எடுத்துவிட்டார்களாம். ஆனால் என் திரியின் புகை ரோமர் புகையின்மேல் படிந்துவிட்டது. அதைத் துடைத்தால் அடியில் உள்ளதும் சேர்ந்து வந்துவிடும். ஆகவே அப்படியே விடுவதாகச் சொன்னார்.

கொம்பனி காவலாளி அண்ணையை மன்னிப்புக் கேட்டுத் திரும்ப அழைத்தது. அவர் போகவில்லை. எட்மண்டனில் ஒரு களஞ்சியத்தில் பெட்டி அடுக்கும் வேலை எடுத்துக்கொண்டார். அந்த வயதில்! இலக்கம் வாங்கி அவருக்குப் போன் எடுத்தேன். மன்னிப்புக் கேட்டேன். சரி, சரி என்றார். போனை வைக்கப்போன நேரம் மட்டும் இதைச் சொன்னார்:

"நான் தமிழில கேட்டனான் தங்கச்சி. அதுதான் எனக்குத் தாங்கேலாமல் கிடக்கு."

அதோடு போனை வைத்துவிட்டார்.

ஒவ்வொரு நவம்பரும் தனியாகப் போய் அந்த மாடத்தின் முன் நிற்கிறேன். இப்போது அதற்குக் கண்ணாடி போட்டிருக்கிறார்கள். பார்க்க வருகிறவர்கள் எல்லாவற்றையும் ரோமர் புகை என்றே நினைத்துப் படம் எடுக்கிறார்கள். எது என்னுடையது என்று எனக்குத் தெரியும். கல்லறை இல்லாத என் தம்பியின் பெயரால் இந்தப் பூமியில் நான் விட்டுவைத்தது ஒரே ஒரு அடையாளம்தான், அதற்கும் நான் வேறொருவரைப் பழி சுமக்க விட்டேன் என்பதை அவனுக்காகச் செபிக்கும்போதெல்லாம் முதலில் சொல்லிவிட்டுத்தான் தொடங்குகிறேன்.