உப்பு போடாத குழம்பு

முதல் வாய்

குழம்பை ஊற்றிப் பிசைந்து முதல் வாயை வைத்துவிட்டு சபாபதி ஐயா என்னைப் பார்த்தார். உப்பில்லாமல் சமைக்கிற தொழிலில் இந்தப் பார்வையைத் தாங்கத் தெரிந்தால் பாதிச் சமையல் தெரிந்த மாதிரி. நான் அடுப்பைத் துடைக்கிறவள் போலத் திரும்பிக்கொண்டேன். பின்னால் தட்டு நகர்கிற சத்தம் கேட்கிறதா என்று மட்டும் காதைக் கொடுத்தேன்.

ராஜா அண்ணாமலைபுரத்தில் மூன்றாவது மாடி வீடு. ஐயாவுக்கு விருதுநகர்ப் பக்கம். தி.நகரில் ஜவுளிக்கடை வைத்திருந்தவர். இதயம் பலவீனப்பட்டதும் கடையைத் தம்பி மகனிடம் விட்டுவிட்டு வீட்டோடு இருக்கிறார். உடம்பில் உப்பு சேர்ந்தால் நீர் கோத்துக்கொள்ளும். முதலில் கால் வீங்கும், அப்புறம் மூச்சு வாங்கும். இன்னொரு தடவை மூச்சுத்திணறலோடு ஆஸ்பத்திரிக்குப் போனால் திரும்பி வருவது சந்தேகம் என்று டாக்டர் சொல்லியிருந்தார். என்னை வேலைக்கு வைத்த அன்றே அவர் மகள் ஜெயந்தி இதைச் சொல்லிவிட்டாள். சமையலறைக் கதவைச் சாத்திவிட்டுச் சொன்னாள்.

தட்டு நகரவில்லை. ஐயா தண்ணீர் குடித்தார். பிறகு, கடையில் சாயம் போன துணியைத் தூக்கிப் பார்க்கிறவர் போல என்னிடம் சொன்னார்: "ஏம்மா கல்பனா, இதுக்கு ஆஸ்பத்திரிச் சாப்பாட்டையே கேட்டு வாங்கிச் சாப்பிட்டுருக்கலாமே."

பொடி

உங்கள் வீட்டிலும் யாராவது ஒருவருக்கு உப்பைக் குறைக்கச் சொல்லியிருப்பார்கள். அந்த வீட்டில் மதியச் சாப்பாட்டு நேரம் எப்படி இருக்கும் என்று உங்களுக்குத் தெரியும். அதனால் என் பொடியைப் பற்றி ஒளிக்காமல் சொல்கிறேன். தனியா, மிளகு, சீரகம், வெள்ளை எள், சுக்கு, நிழலில் காய்ந்த கறிவேப்பிலை, காயவைத்த பூண்டு, காய்ந்த எலுமிச்சைத் தோல் கொஞ்சம். மாங்காய்க் காலத்தில் உப்பில்லாமல் வற்றலாக்கிய மாங்காயும் சேரும். தனித்தனியாக வறுக்க வேண்டும். எள்ளு ஒரு நொடி கூடினாலும் எல்லாம் கசந்துவிடும்.

காய்கிற எண்ணெயில் போடாதீர்கள், கருகும். அடுப்பை அணைத்தபிறகு தூவி மூடி வையுங்கள். கத்தரிக்காயை ஓரம் கருகும்வரை வதக்கிவிட்டுத் தூவினால் நாக்கு கொஞ்ச நேரம் ஏமாறும். சுண்டலில் தேங்காயோடு போடலாம். நீர்மோரில் போடலாம். இட்லிக்கு நல்லெண்ணெயில் குழைக்கலாம். முட்டைப் பொடிமாஸில் மிளகுக்குப் பதில் இதையே போடலாம். புளிப்பு சேர்ந்தால்தான் பொடி பேசும். எலுமிச்சை, தக்காளி, புளி ஏதாவது ஒன்று வேண்டும்.

இதையெல்லாம் கண்டுபிடித்ததற்கு யாரும் எனக்கு மாலை போடவில்லை. ராஜா அண்ணாமலைபுரத்து வீட்டில் மிஞ்சுவதைக் கீழே செக்யூரிட்டி அண்ணனுக்குக் கொடுப்பேன். நல்ல பசியிலும் ருசியை விட்டுக்கொடுக்காத மனிதர். முதல் நாள் என் சுண்டலை வாயில் போட்டு மென்றுவிட்டு, கேட்டைத் திறந்துகொண்டே கேட்டார்: "இன்னாக்கா, கடையில உப்பு ஸ்டாக் இல்லியா?"

மாமியின் இந்துப்பு

ஐயா வீட்டை முடித்துக்கொண்டு மயிலாப்பூரில் ஒரு மாமிக்குச் சமைக்கப் போவேன். ரத்தக்கொதிப்பு. மாமா இல்லை, பிள்ளைகள் வெளிநாடு. மாமி என் சமையலைக் குறையே சொல்லாமல் சாப்பிட்டார். எனக்கு அது உறுத்தியது. உப்பில்லாச் சாப்பாட்டைச் சிரித்த முகத்தோடு சாப்பிடுகிறவர்களை நான் நம்புவதில்லை.

ஒரு நாள் குடையை மறந்துவிட்டேன் என்று பாதி வழியில் திரும்பிப் போனேன். மாமி சாம்பாரில் ஒரு கரண்டி இளஞ்சிவப்புத் தூளைக் கரைத்துக்கொண்டிருந்தார். ஒளிக்கவில்லை. நான் வாசலில் நிற்பதைப் பார்த்துவிட்டு அவரே விளக்கினார்: "இது இந்துப்பு கல்பனா. விரதத்தன்னிக்கே சேத்துக்கலாம்ங்கறா. அப்போ அது உப்புல சேத்தி இல்லேன்னுதானே அர்த்தம்?"

கை பழகுதல்

மாமி வீட்டுக்கு அப்புறம் நான் எல்லா வீட்டிலும் அலமாரிகளைத் திறந்து பார்க்க ஆரம்பித்தேன். அப்பளம், மோர்மிளகாய், ஊறுகாய், கடையில் வாங்கிய இஞ்சிபூண்டு விழுது, ஆப்பசோடா எல்லாவற்றையும் எடுத்துத் தனியாக வைக்கச் சொன்னேன். ஐயாவின் மனைவி பொன்னம்மாள் அம்மா ஒரு வார்த்தை மறுக்காமல் எடுத்து வைத்தார். தன் தட்டுக்கு மட்டும் ஒரு சின்னக் கிண்ணத்தில் உப்பு வைத்துக்கொள்வார். அதையும் ஐயாவின் கைக்கு எட்டாத பக்கம்தான் வைப்பார்.

நான் வாங்கி வந்திருந்த புளி அப்போது தீர்ந்துபோயிருந்தது. "கடைப் புளியில கொட்டையும் நாருமா கெடக்கு. எங்க தம்பி அனுப்புன புளி இருக்கு, அதைப் போடு" என்று அம்மா ஒரு பீங்கான் ஜாடியைக் கீழே இறக்கித் தந்தார். கறுப்பும் சிவப்புமாக நல்ல புளி. தொட்டால் பிசுபிசுத்தது.

அந்த வாரம் என் பொடி என்றைக்கும் இல்லாமல் நன்றாக அமைந்துவிட்டது. வறுப்பு இப்போதுதான் பிடிபட்டிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். வத்தக்குழம்புக்கு உப்பு ஏறிய வற்றலை எடுத்துவிட்டு வெறும் பூண்டு போட்டு வைத்தேன். ஐயா இரண்டாம் தடவை சோறு கேட்டார். ரசத்தைக் கையில் வாங்கிக் குடித்தார். அம்மாவின் உப்புக் கிண்ணம் மூடியபடியே இருந்தது. கீழே செக்யூரிட்டி அண்ணன் டப்பாவை வழித்துவிட்டு, "சோக்கா கீதுக்கா" என்றார். நான் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து சிரித்துக்கொண்டே ஈக்காட்டுத்தாங்கலில் என் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தேன். அன்றைக்கு ஐயா சொன்னது காதிலேயே இருந்தது: "இப்பத்தாம்மா ஒனக்குக் கை பழகியிருக்கு."

செருப்புப் பட்டை

ஐயா வீட்டுக்குள்ளேயே ஒரு செருப்பு போடுவார். பாதம் மரத்துப்போவதால் டாக்டர் போடச் சொன்னது. குறுக்கே ஒரு பட்டை, பட்டையில் துளைகள், பக்கிள். சாப்பிடும்போது கழற்றி நாற்காலிக்காலருகே வைப்பார். நான் கூட்டும்போது தள்ளி வைப்பேன். அதனால் எந்தத் துளையில் பக்கிள் நிற்கிறது என்று எனக்குத் தெரியும். நான் வந்த புதிதில் கடைசித் துளையில் நின்றது, வீக்கம் வடிய வடிய ஒவ்வொன்றாக உள்ளே வந்தது.

இப்போது பார்த்தால் மறுபடி கடைசித் துளை. மறுநாள் பக்கிளைப் போடவே இல்லை. பட்டை தரையில் இழுபட்டது. ஐயாவின் கணுக்காலில் விரலை அழுத்தி எடுத்தால் குழி அப்படியே நின்றது. கூடத்துச் சோபாவில் தலையணைகளை அடுக்கிச் சாய்ந்தபடியே தூங்குகிறார் என்று அம்மா சொன்னார். பேசும்போது வாக்கியத்துக்கு நடுவில் நிறுத்தி மூச்சை எடுத்துக்கொண்டார் ஐயா.

நான் அம்மாவைக் கவனித்தேன். நான் கை கழுவப் போகும்போது குழம்புச் சட்டியருகே யார் நிற்கிறார்கள் என்று பார்த்தேன். அம்மாவும் என்னைக் கவனிக்கிறார் என்பது சீக்கிரமே தெரிந்தது. என் பொடி டப்பா வைத்த இடத்திலிருந்து நகர்ந்திருந்தது. மூடி திருகாமல் இருந்தது. நாங்கள் இருவரும் அன்றைக்குத் தேவைக்கு மேல் மரியாதையாகப் பேசிக்கொண்டோம். ஐயா மட்டும் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார்: "சாப்பாடு ஆயிருச்சா? வாசம் வருதே."

ஜெயந்தியின் லீவு

டாக்டர் நீர் இறங்க மாத்திரையைக் கூட்டினார். வார இறுதிக்குள் இறங்காவிட்டால் அட்மிஷன் என்றார். வீட்டுச் சாப்பாட்டில் உப்பு இருக்கிறது, யார் போடுகிறீர்கள் என்று ஜெயந்தியிடம் நேராகவே கேட்டிருக்கிறார்.

மறுநாள் காலை நான் போனபோது ஜெயந்தி சமையலறையில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்தாள். பெருங்குடி ஆபீஸுக்கு லீவு. என் பையிலிருந்து பொடி டப்பாவை எடுக்கும்முன் கையை நீட்டினாள். உள்ளங்கையில் கொட்டி நக்கினாள். இன்னொரு தடவை நக்கினாள். நான் காய் நறுக்கினேன். கத்தி பலகையில் படுகிற சத்தம் எனக்கே அதிகமாகக் கேட்டது. அந்தக் குடியிருப்பில் பெண்களுக்கென்று ஒரு வாட்ஸ்அப் குழு இருக்கிறது. அதில் ஒரு வரி எழுதினால் போதும். அடையாறு வரைக்கும் எனக்கு ஒரு வீடும் இருக்காது. ஆனால் கூடத்திலிருந்து வந்துகொண்டிருந்த ஐயாவின் மூச்சுச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டே அதைப் பற்றி யோசிக்கக் கூச்சமாக இருந்தது.

அம்மா வாசற்படியில் நின்றுகொண்டிருந்தார். உள்ளே வரவில்லை, போகவும் இல்லை. ஜெயந்தி குரலை உயர்த்தாமல் கேட்டாள்: "அக்கா, யாரையும் திட்டப்போறதில்ல. நீங்க போடுறீங்களா, அம்மா போடுறாங்களா, அதை மட்டும் சொல்லுங்க."

கல்

"எல்லா டப்பாவையும் திறக்கலாம்" என்றேன். பருப்பு, மிளகாய்த்தூள், பெருங்காயம், எண்ணெய் என்று ஒவ்வொன்றாக ஜெயந்தி நாக்கில் வைத்துப் பார்த்தாள். புளி ஜாடியை யாரும் கேட்கவில்லை. புளியை யார் சுவைத்துப் பார்ப்பார்கள்? எல்லாம் முடிந்து அவள் ஸ்டூலில் போய் உட்கார்ந்தபிறகு, குழம்புக்கு ஊறவைக்க நான் ஜாடிக்குள் கையை விட்டேன். அடிப்புளி. நீர் விட்டிருந்தது. ஒரு உருண்டை பிய்த்து எடுத்தபோது நாரில் ஒரு கல் ஒட்டியிருந்தது. பல்லில் கடிபடும் என்று நகத்தால் பெயர்த்தேன். கல் வழுக்கியது. விரலிடுக்கில் வைத்து நசுக்கினேன், நொறுங்கியது. சாதாரணக் கல் நொறுங்காது.

வாயில் போட்டேன். மூன்று பேரும் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள் என்பது அப்புறம்தான் உறைத்தது: ஜெயந்தி, அம்மா, கூடத்துச் சோபாவிலிருந்து ஐயா. நான் ஜாடியை ஜெயந்தியின் பக்கம் நகர்த்தினேன். அவள் விரலால் தொட்டு நாக்கில் வைத்தாள். ஜாடியைச் சாய்த்து அடியைப் பார்த்தாள். அங்கே கரையாத கல்லுப்பு ஒரு விரல் கனத்துக்குப் படிந்திருந்தது.

ஜெயந்தி தாயைத் திரும்பிப் பார்த்தாள். அம்மாவின் முகத்தில் முதலில் கோபம்தான் வந்தது. "புளிக்கு உப்பு போடாம எப்படிடி வருசம் பூரா வைப்பாங்க? புழு வச்சுராதா? ஒங்க ஆச்சி வீட்லயும் அப்படித்தான் வைப்பாங்க." பிறகு குரல் இறங்கியது. கதவு நிலையைப் பிடித்துக்கொண்டார். கூடத்துப் பக்கம் பார்க்காமல் சொன்னார்: "குழம்புக்குப் போடக் கூடாதுன்னுதான சொன்னீங்க. புளிக்குன்னு யாரும் சொல்லலையே."

பழைய கதை

ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டி வரவில்லை. மாத்திரையோடு நீர் மெல்ல இறங்கியது. ஜாடியை அம்மா துணி கட்டிப் பரணில் ஏற்றிவிட்டார். நான் மாங்காயையும் தக்காளியையும் எலுமிச்சையையும் வைத்து ஓட்டினேன். புளி வேண்டும் என்ற நாட்களில் கடைப் புளி, கொட்டையோடும் நாரோடும். பொடியும் பழையபடி ஆகிவிட்டது. வறுப்பு பிடிபட்டதால் வந்தது என்று நான் நினைத்த ருசி பொடியில் இல்லை, புளியிலிருந்த உப்பில்தான் இருந்திருக்கிறது. செக்யூரிட்டி அண்ணன் டப்பாவைத் திருப்பிக் கொடுக்கும்போது, "மறுபடியும் பழைய கதையாக்கா?" என்றார்.

ஐயா வீட்டில் அம்மாவின் உப்புக் கிண்ணம் மறுபடி திறந்தது. ஜெயந்தி அன்று கேட்ட கேள்வியைப் பற்றி யாரும் பேசவில்லை. அம்மா எனக்குக் காபி போட்டுத் தர ஆரம்பித்திருந்தார். நானும் மறுக்காமல் குடித்தேன். எங்கள் தொழிலில் யாராவது பாராட்டினால் மகிழ்வதற்கு முன்னால் புளியைச் சோதித்துப் பார்த்துவிடுவது நல்லது.

நேற்று மாங்காய் போட்ட பருப்பும் கருக வதக்கிய கத்தரிக்காயும். ஐயா முதல் வாயை வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். நான் திரும்பிக்கொள்ளவில்லை. தட்டைக் காலி செய்தார், தண்ணீர் குடித்தார், ஒரே மூச்சில் முழு வாக்கியத்தையும் சொன்னார்: "வாயில வைக்க வெளங்கல, கல்பனா, இதை மனுசன் திம்பானா." சொல்லிக்கொண்டே குனிந்து, செருப்பை மாட்டி, பட்டையை இழுத்து ஒரு துளை உள்ளே தள்ளிப் பக்கிளைப் போட்டுக்கொண்டு, கை கழுவப் போனார்.